உறை மட்டும் ஃபயர், உள்ளே பி.டி.எஃப்.: இதனால் மருத்துவருக்கு என்ன லாபம்?

தறிநாடா (ஈரோடு)

சின்ன மருத்துவமனைகளுக்கும் லேப்களுக்கும் மென்பொருள் எழுதும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மருத்துவப் பதிவுகளை இணைக்கும் மத்திய அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனோடு இணைப்பு வேலை முடிந்துவிட்டது. தெரியாதவர்களுக்காக: நோயாளிக்கு ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண் உருவாக்கிச் சரிபார்ப்பது எம்1 என்ற முதல் கட்டம். நம்மிடம் உள்ள பதிவுகளை அந்த எண்ணோடு கோத்து, சம்மதம் வந்தால் அனுப்புவது எம்2. மற்றவர்களிடம் உள்ளதைச் சம்மதம் கேட்டு வாங்குவது எம்3. மூன்றும் தாண்டியாச்சு. முதலாளிக்குப் பெரிய சந்தோஷம்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நாங்கள் அனுப்புவது ஃபயர் (மருத்துவப் பதிவுகளைக் கம்ப்யூட்டர்கள் பரிமாறிக்கொள்வதற்கான திறந்த தரம்) ஆர்4 வடிவம்தான், சோதனையில் எந்தப் பிழையும் காட்டவில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால் உள்ளே நோயாளி பெயர், டாக்டர் பெயர், தேதி, அப்புறம் ஒரு பி.டி.எஃப். அவ்வளவுதான். சில இடங்களில் கையால் எழுதிய சீட்டை மொபைலில் படம் பிடித்து அதையே பி.டி.எஃப். ஆக்கி ஏற்றுகிறார்கள். எங்களுக்கு வந்து சேர்கிற பதிவுகளிலும் பெரும்பாலும் இதே கதை. இதை வாட்ஸாப்பிலேயே அனுப்பியிருக்கலாமே?

மெனக்கெட்டு எண்களாகவும் குறியீடுகளாகவும் பிரித்து அனுப்பினால் யாருக்காவது உண்மையில் பயன்படுமா? படும் என்றால் எங்கே தொடங்குவது? “சான்றிதழ் வாங்கியாச்சு, அடுத்த வேலையைப் பார்” என்கிறார் முதலாளி. அவரிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

---

ஓபிசீட்டு (அரசு மருத்துவர்)

காரணம் நான் தருகிறேன்.

பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கும் ஒருவர் வருகிறார். கையில் மஞ்சப்பை, அதில் நாலு ஆஸ்பத்திரியின் காகிதங்கள். மெட்பார்மின் மாத்திரையைத் தொடரலாமா, அளவைக் குறைக்கலாமா, நிறுத்த வேண்டுமா என்று நான் முடிவு செய்ய வேண்டும். சிறுநீரக வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போய்விட்டால் அந்த மருந்து கூடாது. அதைக் கிரியேட்டினின் அளவிலிருந்து கணக்கிட வேண்டும். இன்றைக்கு எடுத்த ஒரு அளவு மட்டும் போதாது, இரண்டு வருடமாக எப்படிப் போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். 1.1, 1.4, 1.9 என்று ஒரு கோடு திரையில் ஏறினால் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். அதே எண்கள் பன்னிரண்டு பி.டி.எஃப். களுக்குள் இருந்தால் நான் திறக்க மாட்டேன். வெளியே வரிசை நிற்கும்போது எந்த டாக்டரும் திறக்க மாட்டார். “இன்னொரு தடவை ரத்தம் கொடுத்துட்டு வாங்க” என்று எழுதிவிடுவார். அதற்கு நோயாளி இன்னொரு தடவை காசு கட்டுவார்.

ஆகவே பயன் உண்டு. ஒரே ஒரு வேண்டுகோள்: என்னை உட்கார்த்தி ஸ்னோமெட் என்ற மருத்துவச் சொற்களுக்கான பட்டியலில் குறியீடு தேடச் சொல்லாதீர்கள். செய்ய மாட்டேன்.

---

நுண்ணோக்கி (மதுரை)

டாக்டரைத் தொந்தரவே செய்ய வேண்டாம். தறிநாடா, லேப்பில் தொடங்குங்கள். நான் லேப்காரன் என்பதால் சொல்லவில்லை.

எங்கள் செல் கவுன்ட்டர் மெஷின் ஏற்கெனவே எண்ணாகத்தான் பேசுகிறது. எச்.எல்.7 இரண்டாம் பதிப்பு, அந்தக் காலத்து வடிவம். செங்குத்துக் கோடு போட்டுப் பிரித்த வரிகளாக வரும். ஓ.பி.எக்ஸ். என்று தொடங்கும் ஒவ்வொரு வரியிலும் என்ன டெஸ்ட், மதிப்பு என்ன, அலகு என்ன, இயல்பான எல்லை என்ன என்று தனித்தனியாக இருக்கும். பழைய பயோகெமிஸ்ட்ரி மெஷின்கள் ஏ.எஸ்.டி.எம். வடிவத்தில் அனுப்பும், அதுவும் எண்தான். லேப் மென்பொருளுக்குள் வரும்வரை எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அங்கே லெட்டர்ஹெட் போட்டு, கையெழுத்துப் படத்தை ஒட்டி, பி.டி.எஃப். ஆக்கி எண்களைக் கொன்றுவிடுகிறோம். அடுத்த ஊரில் ஒருவர் அந்தப் பி.டி.எஃப். ஐ எழுத்துணரி மென்பொருளில் போட்டு எண்ணைத் தோண்டி எடுக்கிறார், அதில் புள்ளி ஒரு இடம் தள்ளிப் போகிறது. யாரும் டைப் அடிக்கத் தேவையில்லை, இருப்பதைத் தூக்கி எறியாமல் இருந்தால் போதும்.

இப்போது நிஜமான வேலைக்கு வருவோம். ஒரு லேப் எஸ்.ஜி.பி.டி. என்று எழுதும், இன்னொன்று ஏ.எல்.டி. என்று எழுதும், இரண்டும் ஒரே டெஸ்ட். ஹீமோகுளோபினுக்கு ஆளாளுக்கு ஒரு சுருக்கம். இதற்குத்தான் லாயின்க் குறியீடு இருக்கிறது. அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் தொடங்கியது, எவரும் காசில்லாமல் பயன்படுத்தலாம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 718-7. சீரம் கிரியேட்டினின் 2160-0. ஹெச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 4548-4. லேப்பில் உள்ள பெயர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், பக்கத்தில் இந்த எண்ணை ஒட்டிவிட்டால் வாங்குகிற கம்ப்யூட்டருக்குப் புரியும்.

அலகுதான் ஆளைச் சாய்க்கும். டெங்கு சீசனில் பிளேட்லெட் ரிப்போர்ட்டுகளைப் பாருங்கள். ஒரு லேப் 1.2 லட்சம் என்று கொடுக்கும், இன்னொன்று 1,20,000 என்று, மூன்றாவது 120 என்று கொடுத்துப் பக்கத்தில் “ஆயிரத்தில்” என்று பொடி எழுத்தில் போடும். மனிதனுக்கு மூன்றும் ஒன்றுதான். வரைபடம் போடும் மென்பொருளுக்கு நோயாளி மூன்று தடவை செத்துப் பிழைத்த மாதிரி தெரியும். ஃபயரில் அலகுகளுக்கு யு.சி.யு.எம். என்ற பட்டியலைப் பயன்படுத்துகிறோம், அதில் லட்சம் கிடையாது. பிளேட்லெட்டின் லாயின்க் குறியீடு 777-3, மதிப்பை மைக்ரோலிட்டருக்கு ஆயிரத்தின் மடங்காக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யும் நாலு வரி நிரலை யாராவது உட்கார்ந்து லேப் லேப்பாகச் சரிபார்க்க வேண்டும்.

---

தேம்ஸ்தங்கை (லண்டன்)

நான் இங்கே மருந்தாளுநர். நுண்ணோக்கி அண்ணா சொன்ன அலகு விஷயம் கடல் தாண்டினால் இன்னும் மோசம். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும்போது ரிப்போர்ட்டையும் கொண்டு வருவார்கள். அங்கே வெறும் வயிற்றுச் சர்க்கரை 126 என்று மில்லிகிராமில் இருக்கும், இங்கே அதே அளவு 7.0 மில்லிமோல். 18ஆல் வகுக்க வேண்டும். கிரியேட்டினின் என்றால் 88.4ஆல் பெருக்க வேண்டும். ஹெச்.பி.ஏ.1சி அங்கே 6.5 சதவீதம், இங்கே 48. குறியீடும் அலகும் சேர்ந்து வந்தால் இதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். பி.டி.எஃப். ஆக வந்தால் மனக்கணக்குதான்.

இப்படி நாடு விட்டு நாடு போகிறவர்களுக்காகவே சர்வதேச நோயாளிச் சுருக்கம் என்று ஒன்று உண்டு, 2021இல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் வந்தது. நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை என்று குறைந்தபட்சம் தேவையானது மட்டும் இருக்கும். அதையும் ஃபயரில் அனுப்பலாம்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்காதீர்கள். குடும்ப மருத்துவர்கள் 2018இலிருந்து ஸ்னோமெட் குறியீட்டுக்கு மாறிவிட்டார்கள், அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு என்று 2002இல் ஆரம்பித்த பெரிய திட்டத்தை 2011இல் கலைத்தே விட்டார்கள். எல்லாரும் ஒரே மென்பொருளை வாங்கு என்றால் நடக்காது, எதை வாங்கினாலும் ஒரே மொழியில் பேசு என்றால் ஓரளவு நடக்கும். இது என் அபிப்பிராயம்.

---

கேள்விக்குறி

எல்லாரும் எப்படி அனுப்புவது என்றே பேசுகிறீர்கள். அனுப்பலாமா என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் சீட்டுப் போடும் கவுன்ட்டரில் ஆதாரைக் கேட்டார்கள், போனில் வந்த ஓ.டி.பி. எண்ணைக் கேட்டார்கள், சொன்னேன். ஆபா எண் போட்டுவிட்டதாக அப்புறம்தான் குறுஞ்செய்தி வந்தது. அது கட்டாயமில்லை என்று அரசே சொல்கிறது. கவுன்ட்டரில் அதைச் சொல்ல ஆளில்லை.

ஓபிசீட்டு டாக்டருக்கு இரண்டு வருடத்து எண்கள் கோடாகத் தெரிந்தால் சௌகரியம். சரி. காப்பீட்டுக் கம்பெனிக்கும் அதே கோடு அதே சௌகரியத்தோடு தெரியுமே? பி.டி.எஃப். குப்பையாகக் கிடப்பதுதான் இன்றைக்கு எனக்குப் பாதுகாப்பு.

---

தறிநாடா

கேள்விக்குறி, கவுன்ட்டரில் நடந்தது தப்புதான், அதற்குச் சாக்கு சொல்ல மாட்டேன். பாதுகாப்பு பற்றிச் சொன்னதில் எனக்கு வேறு கருத்து.

முதலில், திறந்த தரம் என்றால் திறந்த தரவு இல்லை. எல்லாருக்கும் திறந்திருப்பது வடிவத்தின் விவரக்குறிப்பு மட்டும். நோயாளியின் பதிவு அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கிறது, மத்தியில் ஒரு பெரிய கிடங்கில் கொட்டவில்லை. யாராவது கேட்டால் சம்மத மேலாளர் (இதற்கென்றே உள்ள மென்பொருள்) வழியாக நோயாளியின் செயலிக்குக் கேள்வி போகும். எதற்காக, எந்த வகைப் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எப்போது அழிக்க வேண்டும் என்று அதில் இருக்கும். ஒப்புக்கொண்டால்தான் நாங்கள் மறையாக்கம் செய்து கேட்டவருக்கு நேரே அனுப்புகிறோம். நடுவில் உள்ள கேட்வேயால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது.

அப்புறம், பி.டி.எஃப். பாதுகாப்பு இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரே பி.டி.எஃப். ஆக அனுப்பும்போது அதில் இருக்கும் எச்.ஐ.வி. நிலையும் மனநல மருந்தும் சேர்ந்தே போகின்றன. கால் எலும்பு முறிவுக்கு வைத்தியம் பார்க்கிறவருக்கு அது எதற்கு? எச்.ஐ.வி. நிலையைச் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று 2017இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. பதிவு தனித்தனித் துண்டுகளாக இருந்தால் அந்த ஒரு துண்டுக்கு ரகசிய முத்திரை போட்டு நிறுத்தி வைக்கலாம், ஃபயரில் அதற்கு இடமிருக்கிறது. பி.டி.எஃப். இல் அதைக் கிழித்து எடுக்க முடியாது.

---

கேள்விக்குறி

முடியும் என்கிறீர்கள். உங்கள் மென்பொருளில் அந்த முத்திரை இருக்கிறதா?

---

தறிநாடா

இன்னும் இல்லை.

---

கேள்விக்குறி

அதைத்தான் சொல்கிறேன். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி சம்மத அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி செய்ய வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் கேட்கலாம். உங்கள் திரையில் முதலில் அதைப் போடுங்கள், பிறகு முத்திரையைப் பார்க்கலாம்.

---

தேம்ஸ்தங்கை

கேள்விக்குறி கேட்பதை ஓரம் தள்ளாதீர்கள். இங்கே குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவுகளை மத்தியில் திரட்டி ஆய்வுக்குக் கொடுக்க “கேர் டாட் டேட்டா” என்று ஒரு திட்டம் போட்டார்கள். தொழில்நுட்பத்தால் அது விழவில்லை. மக்களிடம் சரியாகச் சொல்லவில்லை, யார் கைக்குப் போகும் என்ற சந்தேகம் தீரவில்லை. 2014இல் நிறுத்தி வைத்தார்கள், 2016இல் மூடிவிட்டார்கள். நல்ல வேலைக்கும் சேர்த்து அவநம்பிக்கை வந்ததுதான் மிச்சம்.

---

நெறியாளர்

ஆதார் வழக்கு பற்றிய ஏழெட்டு பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பதிவுப் பரிமாற்றம் மட்டும்.

---

பனங்கூடல் (யாழ்ப்பாணம்)

நான் சுகாதாரத் தகவல் பிரிவில் வேலை செய்தவன். எங்கட பக்கத்து அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி.

இலங்கையில் அரச வைத்தியசாலை கிளினிக்குக்குப் போகிறவர் கையில் ஒரு கொப்பி வைத்திருப்பார். வைத்தியர் எழுதுவது, மருந்து மாற்றுவது எல்லாம் அதில்தான். நோயாளியே தன் பதிவைக் கொண்டு திரிகிறார் என்ற வகையில் அது மோசமான முறை இல்லை. மழையில் நனைந்தால்தான் கதை முடிந்தது.

கணினிப் பக்கம் எங்களுக்குப் பெரிதாகக் கைகொடுத்தது டி.எச்.ஐ.எஸ்.2. சுகாதாரப் புள்ளிவிவரங்களைத் திரட்ட ஒஸ்லோ பல்கலைக்கழகம் நடத்தும் திறந்த மூல மென்பொருள். 2020 தொடக்கத்தில் கொவிட் வந்தபோது விமான நிலையத்தால் வருகிறவர்களைக் கண்காணிக்க எங்கட ஆட்கள் அதிலேயே ஒரு பகுதியைச் சீக்கிரமாகக் கட்டினார்கள், பிறகு வேறு நாடுகளும் அதை எடுத்துப் பாவித்தன. யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஆனால் ஒன்று. மாதம் இத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று தொகை அனுப்புவது வேறு, ஒரு ஆளின் பதிவை இன்னொரு வைத்தியருக்கு அனுப்புவது வேறு. முதலாவதைச் செய்து பழகியவர்கள் இரண்டாவதும் அப்படித்தான் என்று இறங்குவார்கள். தொகையில் பத்துப் பேர் கூடக் குறைய இருந்தால் உலகம் அழியாது. தனி ஆள் விடயத்தில் ஆள் மாறினால் உயிர் போகும். தறிநாடா, உங்கட ஆள் அடையாளம் எப்படி?

---

தறிநாடா

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஆபா எண் இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாதவர்களுக்குப் பெயர், பாலினம், பிறந்த வருடம், போன் நம்பர் பார்த்துப் பொருத்துகிறோம்.

பெயர்தான் வம்பு. ஒரே ஆள் ஆதாரில் “முருகன் கருப்பையா”, ஆஸ்பத்திரியில் “கே. முருகன்”, லேப்பில் வெறும் “முருகன்”, போன் நம்பர் பையனுடையது. அதே நம்பரில் மனைவியும் மருமகளும் பதிவாகியிருப்பார்கள். எங்கள் பழைய திரையில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டாயக் கட்டம் இருக்கிறது. கவுன்ட்டரில் இருக்கும் பெண் அதில் இனிஷியலைப் போடுவார், இல்லாவிட்டால் ஒரு புள்ளி.

---

நுண்ணோக்கி

புள்ளி வைப்பது எங்கள் ஊரிலும் உண்டு. ஃபயரைக் குறை சொல்லாதீர்கள், அதில் குடும்பப் பெயர் கட்டாயமே இல்லை. முழுப் பெயரை அப்படியே ஒரே வரியாக எழுத உரைக்கட்டம் தனியாக உண்டு, அதில் போடுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கித் தொலைக்க வேண்டாம்.

பிறந்த தேதியும் அப்படித்தான். வயசானவர்கள் பாதிப் பேருக்கு ஆதாரில் ஜனவரி 1. ஃபயரில் வருடம் மட்டும் கொடுத்தாலும் செல்லும், வருடமும் மாதமும் மட்டும் கொடுத்தாலும் செல்லும். தெரியாததை இட்டுக்கட்டி எழுதாமல் இருக்க அந்தத் தரம் இடம் கொடுக்கிறது. நம் திரைகள்தான் தேதி போடாமல் அடுத்த பக்கம் விடுவதில்லை.

---

ஓபிசீட்டு

தெரியாததைத் தெரியாது என்று எழுத விடுவது பற்றிப் பேசுவதால் ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வாமைக் கட்டம். ஒரு நோயாளிக்கு அது காலியாக இருக்கிறது. பெனிசிலின் ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமா, யாரும் கேட்கவே இல்லை என்று அர்த்தமா? ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி போடுகிறவருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். “கேட்டோம், எதுவும் இல்லை” என்பதற்குத் தனியாக ஒரு குறியீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதை ஒரு பொத்தானாகப் போட்டுக் கொடுத்தால் அழுத்துகிறேன். ஒரு பொத்தான் என்றால் எனக்குச் சம்மதம். தேடல் பெட்டி என்றால் இல்லை.

மருந்துப் பட்டியலும் வேண்டும். அது லேப் மாதிரி சுலபமாக இருக்காது என்று நினைக்கிறேன். ஒரே மாத்திரையில் மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்து பத்துக் கம்பெனிப் பெயரில் வருகிறது. நோயாளி இரண்டு பிராண்டை வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குகிறார். சர்க்கரை இறங்கி மயக்கத்தில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

---

தேம்ஸ்தங்கை

என் துறைக்கு வந்துவிட்டீர்கள் டாக்டர். இங்கே மருந்துகளுக்கென்றே தேசிய அகராதி இருக்கிறது. பிராண்டைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே என்ன மூலப்பொருள், எத்தனை மில்லிகிராம் என்று அதுவே சொல்லும். இந்தியாவிலும் புனே சி-டாக்கில் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) உள்ள தேசிய மையம் ஸ்னோமெட்டை அடியாக வைத்துப் பொது மருந்துக் குறியீடுகள் வெளியிடுகிறது. டாக்டர் வழக்கம்போலப் பிராண்டை எழுதட்டும், குறியீட்டை மென்பொருள் அடியில் ஒட்டட்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இந்த இழையில் ஸ்னோமெட்டையும் லாயின்க்கையும் ஒன்றாகத் திறந்த தரம் என்கிறோம். லாயின்க் எங்கேயும் இலவசம். ஃபயரும் அப்படித்தான், சி.சி.0 உரிமத்தில் இருக்கிறது. ஸ்னோமெட் உறுப்பு நாடுகளில்தான் இலவசம். இந்தியா 2014இலிருந்து உறுப்பு நாடு என்பதால் உங்களுக்குச் செலவில்லை. உறுப்பில் இல்லாத நாட்டுக்கு உங்கள் மென்பொருளை விற்கப் போனால் உரிமத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பனங்கூடல்

இவ்வளவும் சரி, ஆனால் முதலாளிமார் ஏன் செய்வார்கள்?

---

நுண்ணோக்கி

அதுதான் முடிச்சு. 2023 ஜனவரியில் மத்திய அரசு ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்று கொண்டுவந்தது. ஆபாவோடு எத்தனை பதிவு இணைத்தோம் என்ற எண்ணிக்கைக்குக் காசு. படம் பிடித்த சீட்டும் ஒரு பதிவு, ஒழுங்காகக் குறியீடு போட்ட ரிப்போர்ட்டும் ஒரு பதிவு. அப்படியென்றால் எவன் இரண்டாவதைச் செய்வான்? ஆரம்பத்தில் ஆளைக் கூட்ட அது தேவைப்பட்டிருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இனியாவது குறியீட்டோடு வரும் பதிவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

அதுவரை தறிநாடாவின் முதலாளியிடம் வியாபாரமாகச் சொல்லிப் பாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளின் அளவைப் புது ரிப்போர்ட்டிலேயே வரைபடமாகக் காட்டும் லேப்புக்குத்தான் டாக்டர்கள் ஆள் அனுப்புவார்கள். மற்ற லேப்பின் எண்களும் அந்தக் கோட்டில் சேர்ந்தால் இன்னும் நல்லது.

---

தறிநாடா

அந்த வாதம் எடுபட்டது. இன்று பேசினேன், முழுக்க இல்லை, பத்து டெஸ்டுக்கு மட்டும் ஒப்புதல் கிடைத்தது. சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1சி, கிரியேட்டினின், ஹீமோகுளோபின், பிளேட்லெட் என்று அடிக்கடி வருபவை. பி.டி.எஃப். ஐ நிறுத்தப் போவதில்லை. லேப் ரிப்போர்ட் வடிவத்தில் எண்களைத் தனி அளவீடுகளாகவும் அச்சுப் பிரதியைக் கூடவே ஒட்டியும் ஒரே பொதியில் அனுப்ப இடமிருக்கிறது. எண்ணைப் படிக்கத் தெரிந்த மென்பொருள் எண்ணைப் படிக்கும், தெரியாதது பி.டி.எஃப். ஐக் காட்டும். தமிழில் சம்மத அறிவிப்பும் அதே வெளியீட்டில் வருகிறது. கேள்விக்குறி, வாசகத்தை உங்களுக்கு அனுப்பட்டுமா, படித்துப் பார்த்துச் சொல்வீர்களா?

---

கேள்விக்குறி

அனுப்புங்கள். “தங்களது ஒப்புதலின் பேரில்” என்று ஆரம்பித்தால் திருப்பி அனுப்புவேன்.

---

ஓபிசீட்டு

ஒரு சந்தேகம். லேப் தப்பான ஆளுக்கு ரிப்போர்ட் ஏற்றிவிட்டு மறுநாள் திருத்தினால் என்ன ஆகும்? நான் அதற்குள் பழையதை வாங்கிப் பார்த்திருந்தால்?

---

நுண்ணோக்கி

ஃபயரில் ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நிலை என்று ஒரு கட்டம் உண்டு டாக்டர். தற்காலிகம், இறுதி, திருத்தியது என்பது போல. ஆள் மாறிவிட்டால் “தவறாகப் பதிந்தது” என்ற நிலை போட வேண்டும். அழிக்கக் கூடாது, தடம் இருக்க வேண்டும். ஆனால் அந்த நிலை மாறியது உங்கள் திரைக்குத் தானாக வராது, உங்கள் பக்கத்து மென்பொருள் மறுபடி கேட்டு வாங்கினால்தான் தெரியும்.

அதுவரை நாங்கள் போன் பண்ணித்தான் சொல்கிறோம். தறிநாடா, முதல் வெளியீட்டில் அந்த மறுபடி கேட்கும் பொத்தானையும் சேர்த்துவிடுங்கள்.